நாற்பத்தொரு காலடிக்கு ஒரு வண்டி

என் பெயர் கந்தப்பன். வயது அறுபத்து மூன்று. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. டிக்கோயாவில் என் பெயர் போட்ட கராஜ் இருக்கிறது, தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி மூன்று ஓடுகிறது, மகள் பேங்கில் வேலை பார்க்கிறாள். யாரும் தூக்கிக் கொடுத்தது இல்லை. இந்த இரண்டு கையும் சம்பாதித்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த வருஷம் நான், மோட்டார் சைக்கிள் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற நாலு சில்லு ரேஸ் வண்டி ஒன்று வாங்கியபோது, கிழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்று டவுன் முழுக்கப் பேசினார்கள். புத்தி கெட்டவன் நாற்பத்தேழு வருஷம் ஒரு காரியத்தை மனசில் வைத்திருந்து முடிக்க மாட்டான்.

நான் பிறந்தது பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். பதினாறு வயதில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலை. அப்போதே ஒரு சைக்கிள் வைத்திருந்தேன். வாங்கியது இல்லை, நானே செய்தது. ஒரு இடத்தில் சட்டம், ஒரு இடத்தில் சில்லு என்று பொறுக்கி வந்து பூட்டி, ஸ்டோர் கதவுக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு பெயின்டைப் பூசினேன். லயத்தில் வேறு யாரிடமும் சைக்கிள் கிடையாது.

அந்த வருஷம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற நேரத்தில் மழையில் கத்தி வழுக்கி என் அப்பா வீரய்யாவின் இடது பாதத்தில் இறங்கிவிட்டது. துண்டைக் கிழித்துக் கட்டி, சைக்கிள் கெரியரில் உட்கார வைத்து டிஸ்பென்சரிக்கு ஓட்டினேன். போகிற வழியில்தான் கண்டாக்கையா வீடு. தோட்டத்துத் துரைக்கு அடுத்து, வேலை வாங்கி மலையை ஆள்கிறவர் கண்டாக்கு. அவர் வீட்டு முன்னால் தொழிலாளி யாரும் வண்டியில் உட்கார்ந்து போகக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மழையென்றாலும் குடையை மடக்க வேண்டும். வாசல் படியும் ஏறக் கூடாது. வாசல் பக்கத்து டர்பன்டைன் மரத்தில் இருந்து மேலே மதகு வரைக்கும் அந்தச் சட்டம்.

நான் இறங்கவில்லை. வராந்தாவில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றவர் கூப்பிட்டார்.

“யாருடா அது வண்டியில போறது?”

“அப்பாவுக்கு காலு வெட்டிருச்சிங்க ஐயா. டிஸ்பென்சரிக்குப் போறோம்.”

“காலு வெட்டுனா வாசல் வாசல் இல்லாமப் போயிருமா? எறங்குங்கடா ரெண்டு பேரும்.”

அப்பா இறங்கினார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் சைக்கிளைத் தள்ளினேன், அவர் பக்கத்தில் நடந்தார். வேறு ஒன்றும் செய்ய முடியாததால் நான் எண்ணிக்கொண்டு வந்தேன். நாற்பத்தொரு காலடி. இடது கால் வைத்த இடமெல்லாம் சிவப்பு. மதகைத் தாண்டும்போது பின்னால் இருந்து குரல் வந்தது.

“வீரய்யாவுக்கு இன்னைக்கி அரைப் பேரு.”

அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். அப்பா திரும்பி நின்று, “சரிங்க ஐயா” என்றார். கால் ஆறிவிட்டது. அந்தச் ‘சரிங்க ஐயா’ மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. இதே பாதையில், இந்த ஆள் கண் முன்னால், இறங்காமல் ஒருநாள் போவேன், அது யாருடைய மகன் என்று அவர் வாயால் சொல்ல வைப்பேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

லொறியில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எத்தனையோ தடவை போனேன். லொறி என்றால் அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, கொழுந்து போகிறது என்று இருந்துவிடுவார். கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவனை யாருக்குத் தெரியும்? ஆள் முழுசாக வெளியே தெரிகிற மாதிரி, சத்தத்திலேயே நிமிர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு வண்டி எனக்கு வேண்டும். அதை அவர் வீட்டுக்காரர்களே எனக்காக வாங்கி வைத்திருந்தார்கள்.

கண்டாக்கையா பென்சன் ஆனதும் அதே வீட்டையும் நிலத்தையும் தன் பேருக்கு வாங்கிக்கொண்டார். இப்போது அவருக்கு எண்பத்தொன்று. பேரன் தனுஷன் கட்டாரில் இருந்து வந்து, வீட்டில் நாலு அறையைச் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடுகிறான். வெள்ளைக்காரரை மலையில் ஏற்றிக் காட்ட, கட்டாரில் இருந்தபோதே நீர்கொழும்புக் கடற்கரையில் ஓடிய ஒரு வண்டியை எடுத்துப் போட்டிருந்தான். சும்மா வண்டி இல்லை, ரேசுக்கு என்றே செய்தது. அதற்கு மேலேயும் எஞ்சினைப் பிரித்துப் பெரிய பிஸ்டன் போட்டு, கேம் ஷாஃப்டை மாற்றி, வாய் அகலமான காபரேட்டரும் வைத்திருந்தார்கள். மணலில் அம்பு மாதிரிப் போனதாம். மலைக்கு வந்ததும் கறுப்புப் புகை கக்கி, வாசலைத் தாண்டும் முன்னே இருமிக்கொண்டு நின்றுவிட்டது.

இதை எனக்குச் சொன்னது ஹற்றனில் ஸ்பெயார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அம்ஜத்.

“மொதலாளி, கண்டாக்கு பேரன் மூணு மெக்கானிக் பாஸ்மார்கிட்ட காட்டிட்டான். மூணு பேரும் பிஸ்டன் ரிங்கு போயிருச்சின்னு கைய விரிச்சிட்டாங்க. இப்ப தள்ளிவிட ஆள் தேடுறான்.”

“காபரேட்டருக்கு என்னா பண்ணானுங்க?”

“மலை ஏற பெட்ரோல் பத்தலன்னு சொல்லி ஜெட்டை இன்னும் பெருசா மாத்திக் குடுத்தாங்க. என்கிட்டத்தான் வாங்குனாங்க.”

நான் சிரித்துவிட்டேன். ஜெட் என்பது காபரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற குட்டித் துளை. இது எங்கள் மலை கராஜ்காரர்கள் எல்லோரும் செய்கிற பிழை. ஏற்றம் என்றால் பெட்ரோலைக் கூட்டு என்று லொறியில் பழகிவிட்டார்கள். உயரத்தில் காற்று மெல்லிசு, பெட்ரோலைக் குறைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றாது. எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? ஒருவரும் இல்லை. ஸ்டோரில் கொழுந்து காய வைக்கிற டிரையர் அடுப்பில், காற்றுப் பற்றாமல் விறகைத் திணித்தால் கறுப்புப் புகைதான் வரும், சூடு வராது. பதினாறு வயதில் பார்த்த அந்த அடுப்பு போதும் எனக்கு. காம்பஸில் எஞ்சினியருக்குப் படித்தவர்கள் என் கராஜுக்கு வந்து இதைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“சின்ன ஜெட்டு நாலு சைஸ் எடுத்து வை. யார்கிட்டயும் மூச்சு விடாத” என்றேன்.

“உங்களுக்கு எதுக்கு மொதலாளி அந்த சனியன்? ரோட்டுல ஓட்டவும் ஏலாது, நம்பர் தட்டு குடுக்க மாட்டான். தோட்டத்துப் பாதையிலதான் ஓட்டணும்.”

“எனக்கு அந்தப் பாதை ஒன்னு போதும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். வண்டி வாசலுக்கு வெளியே, மரத்துக்குக் கீழே தகரக் கொட்டகையில் நின்றது. தனுஷன் தார்ப்பாயை இழுத்தான். கண்டாக்கையா அன்றைக்கு கிளினிக் போயிருந்தார். என்னை அவனுக்குத் தெரியாது.

“என்னா தேவைக்கு அங்கிள் பாக்குறீங்க?”

“மரக்கறித் தோட்டம் இருக்கு தம்பி. எரு, பசளைன்னு மூட்டை ஏத்தலாம்னு.”

அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அங்கிள், இது ஸ்போர்ட்ஸ் மொடல். இன்ஜின் ஃபுல்லா மொடிஃபை பண்ணது. இதுல பசளையா?”

“ஓடுமா?”

“சும்மா சர்விஸ் பண்ணா போதும். மூணு வெள்ளைக்காரன் கேட்டுட்டுப் போயிருக்கான்.”

மூன்று பாஸ்மாரைத்தான் அவன் மூன்று வெள்ளைக்காரனாக்கிச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். குனிந்து சட்டத்தின் அடிப்பக்கம் கையால் தடவினேன், உடைந்து ஒட்டிய இடம் இல்லை. பின் சில்லைப் பிடித்து ஆட்டினேன், ஆட்டம் இல்லை. பிளக்கைக் கழற்றி விரலால் துடைத்தேன். விரல் கறுத்தது. ஆனால் காய்ந்த கரி, எண்ணெய்ப் பிசுக்குத் துளியும் இல்லை. ரிங் போயிருந்தால் பிளக் எண்ணெயில் குளித்திருக்கும். பிளக் ஓட்டையில் பெருவிரலை அழுத்தி வைத்து, ஸ்டார்ட் பட்டனை ஒரு தட்டுத் தட்டச் சொன்னேன். விரலைத் தூக்கி எறிந்தது. உள்ளே சிங்கம் மாதிரி இருந்தது எஞ்சின். மூன்று பாஸ்மாரும் இந்தப் பெருவிரல் வேலையைச் செய்யவே இல்லை. செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நான் உதட்டைப் பிதுக்கினேன்.

“கரி கரியா வருதே தம்பி. இது சர்விஸ்ல சரிவராது.”

“அதான் விலைய பாத்துத் தர்றேன்னு சொல்றேன்ல.”

“இரும்பு விலைக்குத் தந்தா எடுக்குறேன். அப்புறம் ஓடலன்னு நான் வரமாட்டேன். ஓடுதுன்னு நீங்க வரக் கூடாது. அப்படியே கடதாசியில எழுதணும்.”

அவன் என்னைப் பார்த்த பார்வையில் எவ்வளவு சந்தோஷம். என்ன விலைக்கு முடிந்தது என்று இங்கே எழுத மாட்டேன். அம்ஜத் கேட்டுவிட்டு, “இது பாவம் மொதலாளி” என்றான். அப்படிப்பட்ட விலை.

கடதாசி எல்லாம் தாத்தா பேரில்தான் இருந்தது. பேரன் கட்டாரில் இருந்தபோது வாங்கிய வண்டி. தாத்தா கையெழுத்துப் போட வேண்டும். இதை அம்ஜத் முதலிலேயே எனக்குச் சொல்லியிருந்தான். அதற்காகத்தான் நான் காத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு காலையில் லொறியை மதகுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம் உடுத்தியிருந்தேன். லேசாகப் பனி மூட்டம். தனுஷன் வாசலில் நின்று கை காட்டினான்.

“உள்ள வாங்க அங்கிள். தாத்தா வராந்தாவுல இருக்காங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு கையெழுத்து வாங்கிக்கலாம்.”

“நான் உள்ள வரமாட்டேன் தம்பி. அவரை மதகுக்கு வரச் சொல்லுங்க.”

“அவருக்கு நடக்கக் கஷ்டம் அங்கிள்.”

“அந்த வாசப்படி ஏறக் கூடாதுன்னு எங்களுக்குச் சட்டம். தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க, சொல்லுவாரு. வேணாம்னா விடுங்க, நான் லொறியத் திருப்பிக்கிட்டுப் போறேன்.”

இரும்பு விலைக்கு வாங்க வந்த முட்டாளை விடுவானா? உள்ளே போனான். சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கிழவர் வெளியே வந்தார். கம்பளித் தொப்பி, ஸ்வெட்டர், கையில் கம்பு. மரத்தடியில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு நடக்கத் தொடங்கினார். ஏற்றம். பத்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். பேரன் கையைப் பிடிக்கப் போனான், தட்டிவிட்டார். நான் லொறிக் கதவில் சாய்ந்து எண்ணினேன். என் அப்பா நாற்பத்தொன்றில் தாண்டிய தூரத்துக்கு இவருக்கு அறுபத்தெட்டு காலடி பிடித்தது.

மதகுக் கட்டையில் உட்கார்ந்தார். கடதாசியை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார்.

“யாருடா நீ? எம்பத்தொரு வயசுல என்னைய நடக்க வச்சி கையெழுத்து வாங்குற.”

“வீரய்யா மவன் கந்தப்பன். ஸ்டோருல எண்ண போட்டவன்.”

“எந்த வீரய்யா? நாலு வீரய்யா இருந்தானுங்க.”

“கவ்வாத்துல காலு வெட்டுன வீரய்யா.”

“கவ்வாத்துல காலு வெட்டாதவன் எவன்டா இருந்தான்?”

மறைக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். மறைக்கவில்லை. நாற்பத்தேழு வருஷம் நான் பொத்தி வைத்திருந்ததை, அவர் அன்றைக்குச் சாயந்தரமே மறந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கடதாசியை நாலாக மடித்துப் பையில் திணித்தேன். மறந்தால் விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். மறந்தவனை விடுவதா? நினைவு வருகிற வரைக்கும் விடக் கூடாது.

ஸ்பானரும் ஜெட்டும் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு இறங்கினேன். தனுஷனும் வந்தான். காபரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன், பெரிய ஜெட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

“இது என்னா அங்கிள்?”

“உங்க வண்டிக்கு வந்த வியாதி.”

முதல் சின்ன ஜெட்டைப் போட்டேன். ஸ்டார்ட் ஆனது, நாலடி வந்தது, புகைத்துக்கொண்டு நின்றது. அவன் சிரித்தான். மேலே இருந்து கிழவரும் சத்தம் போட்டார்.

“ஓடலேன்னா தள்ளிக்கிட்டுப் போடா!”

அந்த வார்த்தை. அவருக்கு அது வெறும் வார்த்தை. எனக்கு அப்படி இல்லை. கையெழுத்தான வண்டி என்னுடையது. இப்போது நின்றால், நான் என் வண்டியை அவர் முன்னால் தள்ளிக்கொண்டுதான் மதகுக்குப் போக வேண்டும், அதே பாதையில், அதே மாதிரி. இரண்டாவது ஜெட்டைப் போட்டேன். புகை குறைந்தது, விக்கல் போகவில்லை. கழற்றினேன். கை முழுக்கப் பெட்ரோல், குளிரில் விரல் மரத்தது. மூன்றாவதைப் போட்டு, சும்மா நிற்கும்போது பெட்ரோல் கொடுக்கிற குட்டி ஜெட்டையும் சின்னதாக மாற்றினேன். புதுப் பிளக் ஒன்றைப் பூட்டி, பட்டனை அழுத்தினேன்.

இருமல் இல்லை. புகை இல்லை. ஒரே அடியில் பிடித்து நின்றது. கைப்பிடியை லேசாகத் திருப்பினேன், தகரக் கொட்டகை அதிர்ந்தது. தனுஷன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

“அங்கிள், ஒரு நிமிஷம், விலைய கொஞ்சம் பேசி...”

“ஓடுதுன்னு வரக் கூடாதுன்னு எழுதியிருக்கு தம்பி.”

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். மரத்தில் இருந்து மதகு வரைக்கும் நான் ஓட்டவில்லை, பறந்தேன். முன் சில்லு இரண்டும் தூக்கிக்கொண்டது. வாசல் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதகைத் தாண்டி, வளைவு தாண்டி, டிஸ்பென்சரிக் கட்டிடம் வரைக்கும் போய்த் திரும்பினேன். கொழுந்து மலையில் பசளை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

திரும்பி வரும்போது கிழவர் மதகுக் கட்டையிலேயே இருந்தார். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்திருந்தார். பேரன் நாற்காலி எடுத்துவர வீட்டுக்கு ஓடியிருந்தான். நான் பக்கத்தில் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை.

“நல்ல வண்டிதான்” என்றார். “டேய், முட்டி புடிச்சிருச்சி. என்னைய ஏத்திக்கிட்டுப் போயி வாசல்ல எறக்கி விடு.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கடவுளாகப் பார்த்துக் கொடுத்தது.

“வாசலுக்கு முன்னாடி வண்டியில ஒக்காந்து போகக் கூடாதுங்க ஐயா. நடந்துதான் போகணும்.”

அவர் என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார், கீழே மரம் வரைக்கும். மறுபடி என்னைப் பார்த்தபோது அது வேறு பார்வை.

“செவப்பு சைக்கிளு” என்றார்.

“ஆமாங்க.”

“கெரியர்ல ஒங்கப்பன்.”

“ஆமாங்க. வீரய்யா.”

அவர் கம்பை ஊன்றினார், இரண்டு தடவை முயன்று எழுந்தார். தலையில் இருந்த கம்பளித் தொப்பி கழன்று விழுந்தது. குனிந்து எடுக்க முடியவில்லை. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. வெறும் தலையோடு இறங்கி நடந்தார். பாதி வழியில் பேரன் நாற்காலியோடு வந்தான். அவர் உட்காரவில்லை.

அவர் மரத்தடிக்குப் போனதும் நான் குரல் கொடுத்தேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி.

“ஐயாவுக்கு இன்னைக்கி அரைப் பேரு.”

நின்றார். திரும்பவில்லை. பதிலும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

வீட்டில் என் மனைவி மீனம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது கேட்டாள்.

“மாமாவே அத மறந்துட்டுத்தானே செத்தாரு. நீங்க எதுக்குங்க தூக்கிக்கிட்டுத் திரியிறீங்க?”

“அவரு மறக்கல. சொல்லாம இருந்தாரு. ரெண்டும் ஒன்னு இல்ல.”

“சரி, அதான் முடிஞ்சிருச்சே. அந்த வண்டிய வித்துருங்க.”

கொழும்பில் இருந்து ஆட்கள் வந்து கேட்டார்கள். நான் வாங்கிய விலைக்கு மேலே எத்தனையோ மடங்கு. கொடுக்கவில்லை. என் கை பட்ட எஞ்சின், இந்த மலையில் அதற்கு ஈடு இன்னொன்று கிடையாது. அது மட்டும் காரணம் இல்லை.

அன்றைக்கு என் அப்பா ‘சரிங்க ஐயா’ என்றார். இவர் ‘சரி’ என்று இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வண்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, மரத்தில் இருந்து மதகு வரைக்கும் இறங்காமல் ஓட்டுகிறேன். வராந்தாவில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சத்தம் கேட்டதும் நிமிர்ந்து பார்க்கிறார். யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

“அந்த மனுசன் செத்துப்போயிட்டா என்னா செய்வீங்க?” என்று மீனம்மா கேட்கிறாள்.

அதற்குள் சொல்ல வைப்பேன். அதற்காகத்தான் ஒரு வாரம்கூடத் தவறாமல் போகிறேன்.